கியோத்தோவில் பெட்டியோடு: ரயிலிலும் பேருந்திலும் ஊர் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கியோத்தோவுக்குப் போகிறவர்கள் எந்தக் கோயிலை எந்த நேரத்தில் பார்ப்பது என்று வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். பெட்டியை எங்கே விடுவது என்று பெரும்பாலோர் யோசிப்பதில்லை. ரயிலை விட்டு இறங்கி, 23 கிலோ சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நிலைய வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. எதிரே நகரப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். ஏதாவது ஒன்றில் ஏறிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து ஏறாதீர்கள். அன்றைய நாள் உங்களுக்கும் கெடும், அந்தப் பேருந்தில் இருக்கும் எல்லோருக்கும் கெடும்.

கியோத்தோவில் நீங்களும் உங்கள் பெட்டியும் ஒரே வண்டியில் போக வேண்டிய கட்டாயம் கிடையாது. பெட்டியைத் தனியாக அனுப்பவும், சில மணி நேரம் விட்டுவைக்கவும், மாலையில் விடுதியில் பெற்றுக்கொள்ளவும் அங்கே பல்லாண்டுகளாக நன்றாக ஓடும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றை எந்த இடத்தில், எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்று தெரிந்துகொண்டால், வயதான பெற்றோரோடும் குழந்தைகளோடும்கூட டாக்சி இல்லாமலேயே ஊரைச் சுற்றிவிடலாம்.

ஊரின் அமைப்பு

ஏறக்குறைய 14 லட்சம் பேர் வாழும் ஊர் இது. ஆண்டுக்கு 5 கோடிக்கும் மேற்பட்டோர் இதைப் பார்க்க வருகிறார்கள். ஒரு காலத்தில் நகரம் முழுக்க டிராம் ஓடியது. 1978-இல் மாநகராட்சி அதை முற்றிலும் நிறுத்திவிட்டது. 1981-இல் முதல் சுரங்க ரயில் வந்தது; இரண்டாவது 1997-இல். இன்றும் சுரங்க ரயில் வழித்தடங்கள் அந்த இரண்டு மட்டுமே: தெற்கு வடக்காகக் கராசுமா, கிழக்கு மேற்காகத் தோசாய். இரண்டும் கராசுமா ஓயிகே நிலையத்தில் சந்திக்கின்றன. புகழ்பெற்ற கோயில்கள் பலவும் மலையடிவாரங்களில், இந்தத் தடங்களிலிருந்து விலகி இருக்கின்றன. டிராம் சுமந்த சுமையெல்லாம் பேருந்தின் தலையில் விழுந்தது இப்படித்தான். காலையில் மருத்துவமனைக்குப் போகும் பாட்டியும் கியோமிசு கோயிலுக்குப் போகும் சுற்றுலாக் குழுவும் ஒரே பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

சுரங்க ரயிலைத் தவிர நமக்கு உதவும் ரயில்கள் நான்கு. ஜே.ஆர். ரயில்கள் கியோத்தோ நிலையத்திலிருந்து எல்லாத் திசையிலும் செல்கின்றன. கேய்ஹான் ரயில் காமோ ஆற்றை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடுகிறது. ஹன்க்யூ ரயில் கடைத்தெருப் பகுதியான ஷிஜோவை ஒசாகாவோடு இணைக்கிறது. கின்டெட்சு ரயில் நாராவுக்குப் போகிறது. கேய்ஹானும் ஹன்க்யூவும் கியோத்தோ நிலையத்தைத் தொடுவதே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பார்க்காமல் விடுதியைப் பதிவு செய்தவர்கள் முதல் நாளே திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்: பெட்டியும் விடுதியும்

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். 160 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஜப்பானில் பாதித் தொல்லை தீர்ந்தது. டோக்கியோவையும் கியோத்தோவையும் இணைக்கும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் 2020 மே மாதம் முதல் ஒரு விதி இருக்கிறது. கூட்டளவு 160-ஐத் தாண்டி 250 சென்டிமீட்டர் வரை உள்ள பெட்டிகளுக்கு, பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1000 யென் கட்ட நேரிடும். 250-ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது. விமானத்தில் நாம் கொண்டுபோகும் பெரிய சூட்கேஸ்கள் பெரும்பாலும் 158 சென்டிமீட்டர் கணக்கில் செய்யப்பட்டவை என்பதால் அவை மயிரிழையில் தப்பும். ஆனாலும் 25 கிலோ பெட்டியைத் தலைக்கு மேலுள்ள தட்டில் தூக்கி வைப்பது உங்கள் வீட்டில் யாரால் முடியும் என்று யோசியுங்கள். முடியாது என்றால், அளவு சிறிதாக இருந்தாலும் அந்த இருக்கையையே கேட்டு வாங்குவது நல்லது. ரயில் பெட்டியின் கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் உள்ள இடம்தான் அது. எடையைத் தூக்காமல் தள்ளி வைத்துவிடலாம்.

நம் குடும்பங்கள் வெளிநாடு போகும்போது ஒரு பெட்டி முழுக்கப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் இருக்கும். சைவ உணவு தேடி அலைவது ஜப்பானில் எளிதல்ல என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உணவையும், அப்பா அம்மாவின் மாத்திரைகளையும், ஒரு நாள் மாற்றுத் துணியையும் தோளில் மாட்டும் பையில் தனியாக வையுங்கள். பெரிய பெட்டி ஓர் இரவு உங்களைப் பிரிந்திருக்கும் திட்டத்தைத்தான் பின்னால் சொல்லப்போகிறேன். பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

விடுதிக்கு வருவோம். பெட்டியோடு வருகிறவர்களுக்கு விடுதி அமைந்திருக்கும் தெரு, அதன் அழகைவிட முக்கியம். என் தேர்வு எப்போதும் இரண்டு இடங்கள்தான்: ஒன்று கியோத்தோ நிலையத்தை ஒட்டிய பகுதி, மற்றொன்று கராசுமா தடத்தில் கோஜோ, ஷிஜோ, கராசுமா ஓயிகே நிலையங்களிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் உள்ள பகுதி. கியோன், ஹிகாஷியாமா பக்கத்து மரவீடுகள் படத்தில் மனத்தை அள்ளும். அங்கே போகும் வழி கல் பாவிய சரிவும் படிகளுமாக இருக்கும். பல மரவீடுகளில் வரவேற்பு மேசையே கிடையாது. கதவெண்ணைத் தட்டி நாமே உள்ளே போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில் அறை தயாராகும் முன் பெட்டியை வாங்கி வைக்கவும், காலி செய்த பிறகு பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்காது. தங்கியே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், பதிவு செய்யும் முன்பே பெட்டியை முன்னதாக வாங்கி வைப்பார்களா, கூரியரில் வரும் பெட்டியைப் பெற்றுக்கொள்வார்களா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

வரவேற்பு மேசை உள்ள ஹோட்டல்களில் இந்தக் கவலை இல்லை. அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும் என்றாலும், காலையிலேயே பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டிக்கொடுப்பது அங்கே வழக்கம்.

கான்சாய் விமான நிலையத்திலிருந்து

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் மாறிக் கான்சாய் விமான நிலையத்தில் இறங்குவார்கள். முதல் முனையத்தின் எதிரே பாலம் ஒன்று ரயில் நிலையத்துக்குப் போகிறது. அங்கே அடுத்தடுத்து இரண்டு நிறுவனங்களின் நுழைவாயில்கள் இருக்கும். சிவப்புப் பக்கம் நன்காய். அது ஒசாகாவின் நம்பாவுக்குப் போகும். நமக்கு வேண்டியது நீலப் பக்கத்து ஜே.ஆர்.

ஹாருகா என்ற விரைவு ரயில் ஏறக்குறைய 80 நிமிடத்தில் கியோத்தோவில் கொண்டுவந்து விடும். வழியில் எங்கும் மாற வேண்டியதில்லை. கதவருகே பெரிய பெட்டிகள் வைப்பதற்கென்றே அடுக்குகள் உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சலுகைக் கட்டணச் சீட்டும் விற்கிறார்கள். பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கி, இருக்கையையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கியோத்தோவில் ஹாருகா வந்து நிற்பது 30-ஆம் நடைமேடை. இதில் ஒரு வசதி இருக்கிறது. 30-ஆம் நடைமேடையும் அதைத் தொடர்ந்து வரும் 0-ஆம் நடைமேடையும் ஒரே நீட்சி; இரண்டும் சேர்ந்து 558 மீட்டர், ஜப்பானிலேயே மிக நீளமானது. கூட்டம் மேம்பாலப் படிகளை நோக்கி ஓடும்போது நீங்கள் ஓட வேண்டாம். சமதளத்திலேயே கிழக்கு நோக்கி நடந்தால் கராசுமா மைய வாயில் வந்துவிடும். ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை.

பெட்டி மூன்று நான்கு என்று இருந்தால் விமான நிலையப் பேருந்தும் நல்ல வழிதான். பெட்டிகளைக் கீழறையில் ஊழியர்களே ஏற்றி, ஒட்டுச்சீட்டு தருவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கியோத்தோ நிலையத்தின் தெற்குப் பக்கமான ஹாச்சிஜோ வாசலில் இறக்கிவிடும். உங்கள் ஹோட்டல் அந்தப் பக்கம் என்றால் ரயிலைவிட இதுவே எளிது. வடக்கே என்றால், பெட்டிகளோடு நிலையத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

டோக்கியோவிலிருந்து வருகிறவர்கள்: பெட்டியை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

தக்குயூபின் என்பது வீட்டுக்கு வீடு பெட்டி கொண்டுசேர்க்கும் சேவை. யமாதோ நிறுவனம் 1976-இல் தொடங்கியது. குட்டியை வாயில் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனை அதன் சின்னம். டோக்கியோ ஹோட்டலில் காலையில் கொடுத்தால், மறுநாள் கியோத்தோ ஹோட்டலில் பெட்டி இருக்கும். பெரிய சூட்கேஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய 2000 முதல் 3000 யென் வரை ஆகும். இரண்டு நிலையங்களில் லிஃப்ட் தேடி அலைவதையும், ஓரிரு நிமிடமே நிற்கும் ஷின்கான்சென்னிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்குவதையும் நினைத்தால் அந்தப் பணம் பெரிதல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை வரவேற்பு மேசைக்குப் போய்ப் பெட்டியை அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். பெட்டியை அளந்து பார்த்துக் கட்டணம் சொல்வார்கள். ஒரு படிவம் தருவார்கள். அதில் கியோத்தோ ஹோட்டலின் முகவரி, தொலைபேசி எண், நீங்கள் அங்கே தங்கத் தொடங்கும் தேதி, அறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற விவரம் ஆகியவை வேண்டும். கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. அப்பா பெயரில் அறை, மகள் பெயரில் பெட்டி என்று போனால் ஹோட்டல்காரர்கள் குழம்புவார்கள். அறைப் பதிவில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். ஜப்பானிய மொழி முகவரியைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் அவர்களே நிரப்பித் தருவார்கள். படிவத்தின் பிரதி உங்களிடம் வரும். அதிலுள்ள எண்ணைக் கொண்டு பெட்டி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். அதைப் படமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஹோட்டலில் வசதி இல்லையென்றால் செவன் லெவன், ஃபேமிலிமார்ட் கடைகளிலும் யமாதோ வழியாக அனுப்பும் பெட்டிகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். மிகப் பெரிய பெட்டியைக் கடையில் மறுக்கலாம் என்பதால், ஹோட்டலே முதல் வழி. பணம், நகை, மருந்து, மடிக்கணினி எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஊறுகாய்ப் புட்டிகளை இரண்டு உறைகளில் கட்டுங்கள்.

கியோத்தோ நிலையத்தில் முதல் அரை மணி

பெட்டி கையோடு வந்துவிட்டது, அறைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று வழிகள் உண்டு.

ஹோட்டல் பக்கத்திலேயே இருந்தால் நேராகப் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் சிறந்தது. செலவும் இல்லை.

ஹோட்டல் தூரம் என்றால், நிலையத்தின் முதல் அடித்தளத்தில், கராசுமா மைய வாயிலுக்கு அருகே, குரோஸ்தா என்ற பெட்டிப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பெட்டியை அன்று முழுக்க வைத்துக்கொள்வார்கள்; வேண்டுமென்றால் நகருக்குள் இருக்கும் உங்கள் ஹோட்டலுக்கு அன்று மாலைக்குள் கொண்டுபோயும் சேர்ப்பார்கள். காலையிலேயே கொடுத்தால்தான் அன்றே சேரும். நீங்கள் நிலையத்திலிருந்தே நேராகக் கோயிலுக்குப் போகலாம். இரவில் அறைக்குப் போனால் பெட்டி காத்திருக்கும். பெற்றோரோடு வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

மூன்றாவது வழி லாக்கர். நிலையத்தில் எல்லா மூலையிலும் லாக்கர்கள் உண்டு. ஆனால் பெரிய சூட்கேஸ் நுழையும் அளவுள்ளவை குறைவு. செர்ரி பூக்கும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்திலும், இலைகள் சிவக்கும் நவம்பரிலும் காலை 10 மணிக்குள் நிறைந்துவிடும். சிறியதற்கு 400 யென் அளவிலும் பெரியதற்கு 700 முதல் 1000 யென் வரையிலும் கேட்கும். பலவற்றில் சாவியே கிடையாது. பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி நெம்புகோலைத் திருப்பியதும், பக்கத்திலுள்ள திரையில் பணமா அட்டையா என்று கேட்கும். ரயில் அட்டையைத் தொட்டுப் பணம் செலுத்தினால் அந்த அட்டையேதான் பிறகு திறக்கும் சாவி. குடும்பத்தில் நால்வரிடமும் ஒரே மாதிரி அட்டை இருக்கும். யாருடையதைத் தொட்டோம் என்று குறித்துவைக்காவிட்டால் மாலையில் நால்வரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாணயம் போட்டால் எண் அச்சிட்ட சீட்டு வரும். கட்டணம் பெரும்பாலும் நாள்கணக்கு. நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பொதுவாக மூன்று நாளுக்கு மேல் விடக் கூடாது. லாக்கர் வரிசையின் எண்ணையும் அருகில் இருக்கும் கடையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியோத்தோ நிலையம் பெரிய கட்டடம். மாலையில் எல்லா லாக்கர் வரிசையும் ஒன்றுபோலவே தெரியும்.

பெட்டியோடுதான் போக வேண்டும் என்றால்: சுரங்க ரயில்

முதலில் இகோகா என்ற ரயில் அட்டையை ஆளுக்கு ஒன்றாக வாங்கிவிடுங்கள். 2000 யென்னுக்குக் கிடைக்கும். அதில் 500 முன்வைப்பு, மீதி 1500 பயணத்துக்கு. டோக்கியோவில் வாங்கிய சுய்கா அட்டை இருந்தால் அதுவே இங்கும் செல்லும். 6 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அவர்களுக்கான அட்டையைப் பாஸ்போர்ட்டைக் காட்டி கவுண்டரில் வாங்க வேண்டும்.

சுரங்க ரயிலின் தொடக்கக் கட்டணம் 220 யென். கியோத்தோ நிலையத்திலிருந்து கோஜோ ஒரு நிலையம், ஷிஜோ இரண்டாவது, கராசுமா ஓயிகே மூன்றாவது. சில நிமிடப் பயணம். ஆனால் லிஃப்ட்டைத் தேடுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். நடைமேடையிலிருந்து நுழைவாயில் தளத்துக்கு ஒரு லிஃப்ட். அங்கிருந்து தெருவுக்கு வேறொரு லிஃப்ட். இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. தெருவுக்குப் போகும் லிஃப்ட் பெரும்பாலும் ஒரே ஒரு வாசலில்தான். கைப்பேசி வரைபடத்தில் வழி தேடும்போது சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதை என்ற தெரிவை இயக்கிவிடுங்கள். பெட்டிக்கும் அதுவே சரியான பாதை. ஹோட்டலுக்கு அருகிலுள்ள வாசல் எண் 5 என்றும், லிஃப்ட் வேறு வாசலில் என்றும் இருந்தால், தெருவில் நூறு மீட்டர் கூடுதலாக நடப்பதே மேல். எஸ்கலேட்டரில் பெரிய பெட்டியை ஏற்றாதீர்கள். கை நழுவினால் கீழே நிற்பவர் மேல்தான் விழும்.

நுழைவாயிலில் ஓரத்தில் ஒரு அகல வாயில் இருக்கும், அதில் போங்கள். நடைமேடையில் ரயிலின் நடுப்பகுதியைவிட இரு முனைகளிலும் கூட்டம் குறைவு. உள்ளே போனதும் பெட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திச் சக்கரம் உருளாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். காலை 7.30 முதல் 9 வரை அலுவலக நேரம். பெட்டியோடு அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டித் தங்குகிறீர்கள் என்றால் பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. கியோத்தோ நிலையத்தில் ஜே.ஆர். நாரா தட ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான தோஃபுகுஜியில் இறங்குங்கள். அங்கே கேய்ஹான் ரயில் பக்கத்திலேயே நிற்கிறது. அதில் வடக்கே போனால் கியோமிசு கோஜோ, கியோன் ஷிஜோ, சாஞ்ஜோ. பேருந்து நெரிசலில் அரை மணிக்கும் மேல் ஊர்ந்து போகும் தூரத்தை இந்த ரயில்கள் எளிதாகக் கடந்துவிடும்.

நான்கு பேர், நான்கு பெரிய பெட்டிகள், அதோடு முழங்கால் வலியுள்ள அம்மா என்று இருந்தால் பொதுப் போக்குவரத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பெட்டிகளை குரோஸ்தாவில் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் ரயிலில் போங்கள். அல்லது அந்த ஒரு பயணத்துக்கு டாக்சி எடுங்கள். டாக்சியின் பின்னறையில் பெரிய பெட்டிகள் இரண்டுக்கு மேல் அடங்குவது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பேருந்தில் பெட்டி ஏன் கூடாது

இதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் காரணம் தெரிந்தவர்கள் தவறு செய்வதில்லை.

கியோத்தோ நகரப் பேருந்துகளில் வழக்கமாகப் பின்கதவில் ஏற வேண்டும். ஓட்டுநருக்கு அருகிலுள்ள முன்கதவில் இறங்க வேண்டும். கட்டணம் இறங்கும்போதுதான். அப்படியானால் பின்னால் ஏற்றிய சூட்கேஸை, நிற்கும் பயணிகளைத் தாண்டி, குறுகிய நடைபாதை முழுக்க இழுத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். பேருந்து நின்ற பிறகுதான் எழுந்து நகர வேண்டும் என்பது அங்கே எழுதிப்போட்டிருக்கும் விதி. நிறைந்த பேருந்தில் ஒரு பெட்டி முன்கதவை அடையும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். அதற்குள் நிறுத்தத்தில் பின்கதவருகே நிற்கும் முதியவர், உள்ளே இடமில்லை என்று கைவிடப்படுகிறார். அவருக்கு அடுத்த பேருந்தும் இப்படித்தான் வரும். அங்கே காய்கறிக் கடைக்கும் மருத்துவமனைக்கும் போக அந்த ஒரே பேருந்தை நம்பியிருக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறோம்; அவர்கள் இருக்கையில் நம் பெட்டி உட்காரக் கூடாது.

இந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் மாநகராட்சி சில மாற்றங்கள் செய்தது. பயணிகள் விரும்பி வாங்கிய ஒருநாள் பேருந்துச் சீட்டின் விற்பனை 2023 செப்டம்பரோடு நின்றது. பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் அது இன்னும் இருக்கும்; தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதிலாகச் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான ஒருநாள் சீட்டு 1100 யென்னுக்குக் கிடைக்கிறது. நகருக்குள் பேருந்துக் கட்டணம் ஒரு முறைக்கு 230 யென் என்பதால், ஒரே நாளில் ஐந்து முறை ஏறினால்தான் அது லாபம். 2024 ஜூன் முதல் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விரைவுப் பேருந்துகள் ஓடுகின்றன. கட்டணம் 500 யென். சில நிறுத்தங்களில் மட்டும் நின்று கியோமிசு, கியோன், வெள்ளிக் கோயில் பக்கம் போகும். ஒருநாள் சீட்டு அதிலும் செல்லும். உள்ளூர்வாசிகளுக்குக் குறைவாகவும் வெளியூர்க்காரர்களுக்குக் கூடுதலாகவும் பேருந்துக் கட்டணம் வாங்கும் திட்டமும் இருக்கிறது என்பதால், போகும் முன் கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

கைப்பையோடு மட்டும் பேருந்தில் ஏறும்போது, அட்டையில் போதிய பணம் இருக்கட்டும். கட்டணப் பெட்டி மீதிச் சில்லறை தராது. 1000 யென் தாளை முதலில் பக்கத்திலுள்ள இயந்திரத்தில் மாற்றிக்கொண்டு சரியான தொகையைப் போட வேண்டும். அதை வண்டி ஓடும்போது செய்யாமல், சிக்னலில் நிற்கும்போது செய்துவிடுங்கள்.

கையை வீசிக்கொண்டு சுற்றும் நாள்

பெட்டி பத்திரமாக இருக்கிறது. இனி ரயிலை முதன்மையாக வைத்து, கடைசித் துண்டுக்கு மட்டும் பேருந்தையோ காலையோ நம்புங்கள்.

ஃபுஷிமி இனாரிக்கு ஜே.ஆர். நாரா தடத்தில் இரண்டாவது நிலையம் இனாரி. ஐந்து நிமிடம், 150 யென். விரைவு ரயில் அங்கே நிற்காது. சாதாரண ரயிலில் ஏறுங்கள். வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோயில். அராஷியாமாவுக்கு ஜே.ஆர். சாகானோ தடம், சாகா அராஷியாமாவில் இறங்கினால் கால் மணிப் பயணம், 240 யென். அந்த ரயில் கிளம்பும் 32, 33-ஆம் நடைமேடைகள் நிலையத்தின் மேற்குக் கோடியில் இருக்கின்றன. பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நிஜோ கோட்டைக்குத் தோசாய் தடத்தில் கோட்டை வாசலிலேயே நிலையம். நான்சென்ஜி கோயிலுக்கு அதே தடத்தில் கேஆகே நிலையம்; அங்கிருந்து வாய்க்கால் கரையோரம் வடக்கே நடந்துகொண்டே போனால் வெள்ளிக் கோயில்வரை போய்விடலாம்.

பொற்கோயிலுக்குக் கியோத்தோ நிலையத்திலிருந்தே பேருந்து ஏறுகிறவர்கள் ஊர் முழுக்க நெரிசலில் நிற்கிறார்கள். கராசுமா தடத்தில் கிதாஓஜிவரை ரயிலில் போய், அங்குள்ள பேருந்து நிலையத்தில் 204 அல்லது 205-ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். கியோமிசு கோயிலுக்கு எந்த ரயிலும் வாசல்வரை போகாது. கேய்ஹானின் கியோமிசு கோஜோவில் இறங்கி இருபது இருபத்தைந்து நிமிடம் மேட்டில் நடக்க வேண்டும். கால் முடியாதவர்கள் காலை 8 மணிக்குள் பேருந்தில் போய்விடுவது நல்லது. அந்தச் சரிவில் சூட்கேஸை இழுத்துக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். சன்னென்சாகா கற்படிகளில் ஒவ்வொரு படியாகத் தூக்கி வைக்கிறார்கள். பார்க்கவே மனம் பதறும்.

நாராவுக்கு ஒருநாள் போய்வர விரும்பினால் பெட்டியைக் கியோத்தோவிலேயே விட்டுவிடுங்கள். கின்டெட்சு விரைவு ரயில் 35 நிமிடம்தான்; கின்டெட்சு நாரா நிலையம் மான்கள் திரியும் பூங்காவுக்கு ஜே.ஆர். நிலையத்தைவிட அருகில்.

கிளம்பும் நாள்

அறையைக் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். விமானமோ ரயிலோ மாலையில் என்றால், பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ஊரின் வடக்குப் பக்கத்துக்கு ஒரு சுற்றுப் போய் வரலாம். ஹோட்டல் நிலையத்திலிருந்து தள்ளி இருந்தால், திரும்பிப் போய்ப் பெட்டி எடுத்துவரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெட்டியை விமான நிலையத்துக்கே அனுப்பிவிடுவது இன்னும் எளிது. ஆனால் இது மறுநாள் சேரும் கணக்கல்ல. விமானத்துக்கு முந்தைய நாளே பெட்டி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால், இரண்டு நாள் முன்னதாக ஹோட்டலில் கொடுத்துவிடுங்கள். படிவத்தில் விமான எண், புறப்படும் முனையம், நேரம் மூன்றும் வேண்டும். விமான நிலையத்தில் கவுண்டர் திறக்கும் நேரத்தையும் பார்த்துவையுங்கள். அதிகாலை விமானம் என்றால் இந்த வழி ஒத்துவராது. அப்படிப்பட்டவர்களுக்கு, முன்பதிவு செய்தால் ஹோட்டல் வாசலிலேயே வந்து பெட்டிகளோடு ஏற்றிச் செல்லும் பகிர்வு வேன்கள் இருக்கின்றன.

ஹாருகாவில் திரும்புகிறவர்கள் 30-ஆம் நடைமேடைக்குப் புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். பெட்டி அடுக்கில் முதலில் வைப்பவர்களுக்கே கீழ்த்தட்டு கிடைக்கும். மீதமிருக்கும் இகோகா பணத்தை விமான நிலையத்து ஜே.ஆர். கவுண்டரில் திரும்பப் பெறலாம். 220 யென் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், மீதியைக் கடையில் தண்ணீரோ பிஸ்கட்டோ வாங்கிச் செலவழித்துவிட்டு அட்டையை நீட்டினால் முன்வைப்புத் தொகையான 500 யென் முழுதாகக் கைக்கு வரும்.